தண்ணீர் பட்ட வாடகை வீடு மலிவாக வருகிறது: முதல்முறை வாங்குபவர் எடுக்கலாமா?

முதல்வீடு | ஜூன் 3, இரவு 9.40

வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இதற்கு முன் சொத்து எதுவும் வாங்கியதில்லை. கீழ்தளம், மேல்மாடி, செங்கல் சுவர், கான்கிரீட் தளம். வயது 30-க்கு மேல். மாடி பாத்ரூமுக்குக் கீழே ஹால் கூரையில் பெரிய கறை, புது பெயிண்ட் அடித்தும் தெரிகிறது. பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரம் வரை பூச்சு பொரிந்திருக்கிறது. மாடி அறைக் கதவு நிலை அடியில் உப்பிக்கிடக்கிறது. குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். "குழாய் உடைந்தது, மாற்றியாச்சு" என்கிறார் விற்பவர்.

இதே மாதிரி நல்ல நிலையில் உள்ள வீடு 100 என்றால் இதற்கு 78 கேட்கிறார்கள். பழுது 12-க்குள் முடியும் என்று ஒரு காண்டிராக்டர் வாய்மொழியாகச் சொன்னார். 10 மிச்சம். எடுக்கலாமா?

ரசமட்டம் | ஜூன் 3, இரவு 10.25

அந்த 12 எதற்கு? கறையை மறைக்கவா, கசிவை நிறுத்தவா? அதைக் கேட்காமல் 10 மிச்சம் என்று சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதைப் படித்தால் குறைந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு தெரிகிறது. ஹால் கூரைக் கறை மேலிருந்து வரும் தண்ணீர். பின்சுவரில் இடுப்பு உயரம் வரை வந்திருப்பது பெரும்பாலும் கீழிருந்தோ வெளியிலிருந்தோ வரும் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்). மாடியில் உடைந்த ஒரு குழாய் இரண்டையும் உண்டாக்காது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்று, சுவருக்குத் தெரிந்தது இரண்டு.

விலையைப் பேசும் முன் ஒவ்வொரு கோளாறுக்கும் மூன்று பதில் எழுத்தில் வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இப்போது நின்றுவிட்டதா? அது வரும் இடம் உங்கள் உரிமைக்குள் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் முதல்முறை வாங்குபவர்கள் கேட்பதே இல்லை.

ரசமட்டம் | ஜூன் 4, காலை 7.10

கூரைக் கறையை எப்படிப் படிப்பது என்று விட்டுப்போனது.

ஒரே வளையம் இருந்தால் ஒருமுறை நனைந்து காய்ந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையம் இருந்தால் பலமுறை நனைந்திருக்கிறது. அப்படியானால் "உடைந்தது, மாற்றியாச்சு" கதை பொருந்தாது. பெயிண்டுக்கு மேலேயே கறை தெரிகிறது என்கிறீர்கள். கறைத்தடுப்பு பிரைமர் அடிக்காமல் பூசினாலும் பழைய கறை மேலே வரும், இன்னும் ஈரம் இருந்தாலும் வரும். கையால் தொட்டுப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் நினைக்கக் கூடாது. தளத்துக்குள் போகும் வயர் பைப் வழியாகத் தண்ணீர் நெடுந்தூரம் ஓடும். ஃபேன் கொக்கியிலோ விளக்குப் பெட்டியிலோ சொட்டுவது இதனால்தான்.

எர்த்கம்பி | ஜூன் 4, மதியம் 1.15

வயர் பைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த வீட்டில் எந்தச் சோதனை செய்வதற்கும் முன் ஹால் கூரைச் சர்க்யூட்டை மெயின் போர்டில் அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் நாளில் அந்தச் சர்க்யூட் உயிரோடு இருக்கக் கூடாது.

வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (வயரின் மேலுறை மின்சாரம் கசியாமல் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) பாருங்கள். மெகர் (அதை அளக்கும் கருவி) 500 வோல்ட் டிசி, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக. ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, எலக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மெகர் வைக்க வேண்டும், இல்லையென்றால் அவை போய்விடும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரிங் தேறாது. காய்ந்த நல்ல வயரிங் அதைவிடப் பலமடங்கு காட்டும். 2, 3 என்று காட்டினாலும் ஏதோ ஈரம் உட்கார்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதோடு, குடியிருந்தவரிடம் "மழை நாளில் டிரிப் ஆகுமா" என்று கேளுங்கள். எங்கள் தொழிலில் அதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது.

தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், பிளக் பாயிண்ட், எம்சிபி (போர்டில் உள்ள சர்க்யூட் பிரேக்கர்) எதையும் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. உள்ளே வண்டலும் உப்பும் தங்கும், சில மாதம் கழித்து சூடாகிக் கருகும்.

பேரேடு | ஜூன் 4, இரவு 8.50

கணக்கை நான் போடுகிறேன். ஒரு மாத வாடகை 0.4 என்று வைத்துக்கொள்கிறேன் (வருடத்துக்கு 4.8). பத்திரச் செலவு எந்த வீட்டுக்கும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன்.

கேட்கும் விலை 78. பழுது 12. பழுதின்மேல் எதிர்பாராச் செலவு 30 சதவீதம், 3.6. இதில் பேரம் வேண்டாம். தண்ணீர் பட்ட வீட்டில் பூச்சைக் கொத்திய பிறகுதான் உண்மையான வேலை தெரியும், அனுபவம் இல்லாதவர் 30-க்குக் கீழே வைக்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் 5 மாதத்துக்கு வாடகை 2. அந்த 5 மாதம் கடன் வட்டி, 60 கடன், 9 சதவீதம் என்றால் 2.25.

கூட்டினால் 97.85. உங்கள் 10 மிச்சம் 2.15 ஆகிவிட்டது. இதற்கு நல்ல வீட்டையே வாங்கலாம்.

முதல்வீடு | ஜூன் 4, இரவு 9.30

நல்ல வீடு வாங்கினாலும் அதே 5 மாதம் வட்டி கட்டத்தானே போகிறேன்? வாடகை இழப்பையும் வட்டியையும் சேர்த்துக் கழிப்பது இரட்டைக் கணக்கு மாதிரி இருக்கிறதே.

பேரேடு | ஜூன் 4, இரவு 10.05

சரியான கேள்வி. நல்ல வீட்டோடு ஒப்பிடும்போது வட்டி இரண்டு பக்கமும் வரும், அதனால் எடுத்துவிடலாம். வித்தியாசம் வாடகை மட்டும்தான். 95.6, மிச்சம் 4.4.

ஆனால் கையில் வைத்திருக்க வேண்டிய பணம் என்று பார்த்தால் வட்டி திரும்ப உள்ளே வரும். வாடகை வராத மாதங்களில் வட்டியை உங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். எனவே இரண்டு தாள் வையுங்கள், ஒன்று ஒப்பீட்டுக்கு, ஒன்று கைப்பணத்துக்கு. முதல் தாளில் லாபம் காட்டிய வீடுகூட இரண்டாவது தாளில் மூழ்கடிக்கும்.

இந்த ஆபத்தை ஏற்பதற்குக் குறைந்தது 10 மிஞ்ச வேண்டும் என்று நினைத்தால்: 100 − 10 − 12 − 3.6 − 2 = 72.4. அதற்கு மேல் போகாதீர்கள்.

ரசமட்டம் | ஜூன் 5, காலை 6.45

72.4-ம் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது என்று வைத்துப் போட்ட கணக்கு. கண்டுபிடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான்.

முதல் நாள் வரத்துக் குழாய். எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டர் இருந்தால் எண்ணைக் குறித்து 2 மணி நேரம் விடுங்கள். மீட்டர் இல்லையென்றால் மேல்தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு மட்டத்தைக் கோடு போட்டு இரவு முழுக்க விடுங்கள். இறங்கினால் அழுத்தக் குழாயில் ஓட்டை. இந்த வகைக் கசிவு யாரும் குளிக்காவிட்டாலும் சுவரை ஈரமாகவே வைத்திருக்கும். வீடு காலியாக இருப்பதால் இதை மட்டும் எளிதாகப் பிரித்துவிடலாம்.

இரண்டாம் நாள் கழிவுக் குழாய். சமையலுக்குப் போடும் நிறப்பொடியைக் கரைத்து ஒரே ஒரு டிராப்பில் (தண்ணீர் போகும் தரைத்துளைக்கு அடியில் உள்ள வளைகுழாய்) ஊற்றி, பின்னாலேயே 2 வாளி தண்ணீர் விடுங்கள். கீழே வந்து கூரையைப் பாருங்கள், அன்று முழுக்க வேறு எதிலும் தண்ணீர் விடாதீர்கள். மறுநாள் வேறு நிறம், வேறு டிராப். வெஸ்டர்ன் டாய்லெட் தொட்டிக்கும் இதே நிறப்பொடி. ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரத்தில் கோப்பையில் நிறம் வந்தால் வால்வு ஒழுகுகிறது. அது கூரைக் கறைக்குக் காரணமில்லை, ஆனால் முதல் நாள் மீட்டர் சோதனையைக் குழப்பியிருக்கும்.

அடுத்து தரை. தண்ணீர் போகும் துளையை அடைத்து 2.5 முதல் 5 செ.மீ. வரை தேக்கி 24 மணி நேரம் விட வேண்டும். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். தரையில் இறங்கியதும் வாளியில் இறங்கியதும் ஒன்றாக இருந்தால் அது ஆவியானது. தரையில் அதிகம் இறங்கினால் நீர்க்காப்பு (தரைக்கு அடியில் உள்ள வாட்டர்புரூஃப் அடுக்கு) போய்விட்டது.

கடைசியாகச் சுவர் டைல்ஸ். ஷவரைச் சுவரில் அடித்து அரை மணி நேரம். தரைச் சோதனை தேறிய பிறகுதான் இதற்கு அர்த்தம்.

ரசமட்டம் | ஜூன் 5, காலை 7.20

தேக்கும் சோதனைக்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன், இதைப் படிக்காமல் தண்ணீர் தேக்காதீர்கள்.

5 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. நல்ல தளத்துக்கு அது பொருட்டில்லை. முதலில் கீழே கூரையை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்கும் இடத்தில் காரை பிரிந்திருக்கிறது. பழுப்பு நிறத்தில் நேர்கோடாகக் கறை ஓடினால் அது கம்பி போகும் வழி. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. கம்பி வெளியே தெரிந்தாலோ, பெரிய பரப்பு பொத்தென்று கேட்டாலோ தேக்க வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கட்டும்.

அந்த வேலையின் அளவும் தெரிந்திருக்கட்டும். உதிரும் கான்கிரீட்டை மட்டும் தட்டிவிட்டு மேலே பூசுவது பழுது ஆகாது. கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. வரை கொத்தி, கம்பியைச் சுற்றிலும் துரு நீக்கி, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி கட்ட வேண்டுமா என்பதை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், கொத்தனார் அல்ல. உங்கள் காண்டிராக்டரின் 12-ல் இது இருக்கிறதா?

முதல்வீடு | ஜூன் 5, இரவு 11.00

கேட்டேன். இல்லை. "பட்டி பார்த்து பெயிண்ட், பாத்ரூம் டைல்ஸ் மாற்றுவது, பின்சுவருக்கு வாட்டர்புரூஃப் பூச்சு" என்றார். பின்சுவருக்கு உள்பக்கம் அந்தப் பூச்சு அடித்தால் போதுமா?

ரசமட்டம் | ஜூன் 6, காலை 6.30

போதாது, கெடுதலும்கூட. ஈரம் கீழிருந்து ஏறும் சுவரை உள்பக்கம் சிமெண்டாலும் கெமிக்கலாலும் அடைத்தால், ஆவியாகப் போகும் வழி அடைபட்டு ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். இடுப்பு வரை இருப்பது தோள் வரை வரும். பட்டியில் ஜிப்சம் இருந்தால் அது ஈரத்தைக் குடித்து முதலில் உதிரும்.

ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா என்று பார்க்க, சுவரில் 30 செ.மீ. இடைவெளியில் பென்சிலால் கட்டம் போடுங்கள். அடி வரிசை, அதற்கு மேல் வரிசை என்று கூரை வரை. ஒவ்வொரு கட்டத்திலும் முள் மீட்டர் (இரண்டு முள்ளைக் குத்தி ஈரம் பார்க்கும் கருவி) வைத்து எண்ணைத் தாளில் குறியுங்கள். உள்ளே இருக்கும் காய்ந்த சுவர் ஒன்றிலும் இதேபோல எடுங்கள், ஒப்பீட்டுக்கு. அடியில் அதிகமாகி மேலே போகப்போகக் குறைந்தால் தரை ஓதம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் உச்சம் காட்டினால் அந்த இடத்தில் குழாய் போகிறது. மேலிருந்து கீழே குறைந்தால் மொட்டை மாடியோ சன்னல் விளிம்போ.

மீட்டர் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். அந்த அளவீடு மரத்துக்கானது. செங்கலில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரும் ஈரம் என்று காட்டும். எண்களின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். கதவு நிலையில் மட்டும் எண்ணை நம்பலாம். 20 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் இருந்த மரம் மக்கத் தொடங்கும். கூர்மையான ஸ்குரூடிரைவரால் அடியில் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

வெளியே போய்ப் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. பின்பக்க மண் மட்டம், உள்தரை மட்டத்தோடு ஒப்பிட்டால் எங்கே இருக்கிறது? அடித்தளத்தின் மேல் போட்ட ஈரத்தடை வரிக்கு 15 செ.மீ. கீழேயாவது மண் இருக்க வேண்டும். மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? பக்கத்து வீட்டுச் சாக்கடை எங்கே ஓடுகிறது?

ரசமட்டம் | ஜூன் 6, காலை 6.50

ஓதமா, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து சுவரில் படிவதா என்ற சந்தேகம் வந்தால்: அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி நான்கு ஓரமும் டேப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம்.

முதல்வீடு | ஜூன் 6, மாலை 5.20

பூஞ்சணம் பற்றி யாரும் சொல்லவில்லையே? மாடி அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் படர்ந்திருக்கிறது. பிளீச் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறார்கள்.

ரசமட்டம் | ஜூன் 6, இரவு 8.15

டைல்ஸிலும் கண்ணாடியிலும் போகும். பூச்சிலும் மரப்பலகையிலும் நிறம் மட்டும் வெளுக்கும், வேர் உள்ளே இருக்கும், பிளீச்சில் உள்ள தண்ணீர் அதற்குத் தீனியாகும்.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது பொது விதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டி, சுமார் 10 சதுர அடிக்குக் குறைவான பரப்பை வீட்டுக்காரரே சுத்தம் செய்யலாம் என்கிறது. அதைத் தாண்டினாலோ, சாக்கடைத் தண்ணீரால் வந்திருந்தாலோ அதற்கென்று உள்ளவர்களிடம் விட வேண்டும். அலமாரி துகள்பலகையில் செய்தது என்றால் சுத்தம் செய்யாதீர்கள், மூட்டைகட்டி வெளியேற்றுங்கள். துடைக்கும்போது ஈரத்துணி, என்95 முகமூடி. ஃபேன் போடக் கூடாது, வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லாதது. வீட்டை ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்து மறுநாள் கதவைத் திறந்ததும் நீங்களே முதலில் நுழைந்து பூஞ்சண வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். விற்பவர்கள் பார்க்க வரும் முன் சன்னல்களைத் திறந்து ஊதுவத்தி ஏற்றி வைப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது.

கட்டிடம் பழையது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பெயிண்டில் ஈயமும், பழைய கூரைத் தகட்டிலும் குழாயிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். சுரண்டும் முன், வெட்டும் முன் சாம்பிள் கொடுத்துப் பாருங்கள்.

பேரேடு | ஜூன் 7, காலை 9.00

கடனும் காப்பீடும். குடியிருக்கத் தகுதியில்லாத வீட்டுக்கு வங்கி கடன் தர மறுக்கலாம், அல்லது பழுது முடியும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கட்டும்.

காப்பீட்டில் திடீரென்று உடைந்த குழாய்க்குப் பணம் கிடைக்கும், மெல்ல மெல்லக் கசிந்ததற்குப் பொதுவாகக் கிடைக்காது. வெள்ளத்துக்குப் பல இடங்களில் தனிப் பாலிசி. நீங்கள் வாங்கும்போதே இருந்த சேதம் எதிலும் வராது. இந்த வீட்டுக்கு முன்பு கிளெய்ம் எடுத்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை பணம் வாங்கி, வேலை செய்யாமல் விட்டிருந்தால் அது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

முதல்வீடு | ஜூன் 12, இரவு 10.10

சோதனைக்கு விற்பவர் சம்மதித்தார்.

மீட்டர் நகரவில்லை. முதல் டிராப்பில் பச்சை, ஒன்றும் வரவில்லை. ஷவர் பக்க டிராப்பில் சிவப்பு, மறுநாள் காலை ஹால் கூரையில் சிவப்புத் துளி. சுத்தியல் சத்தம் கறைக்கு நடுவில் ஒரு கையகலம் மட்டும் பொத்தென்று கேட்டது, மற்ற இடம் கணீர். தரையில் தேக்கியது வாளியோடு சமமாகத்தான் இறங்கியது. மெகர் எல்லாம் 20-க்கு மேல், ஹால் கூரைச் சர்க்யூட் மட்டும் 0.6.

பின்சுவரில் அடி வரிசை உச்சம், நான்காவது வரிசையில் காய்ந்த சுவர் அளவு. வெளியே மண் மட்டம் உள்தரையைவிட 20 செ.மீ. மேலே. பக்கத்து வீட்டுக் கழிவுநீர் பைப் எல்லைச் சுவரை ஒட்டி, மண்ணுக்குள் ஓடுகிறது.

எழுத்தில் எஸ்டிமேட் வாங்கினேன், 16 ஆகிவிட்டது.

எர்த்கம்பி | ஜூன் 12, இரவு 10.40

0.6 என்றால் அந்தச் சர்க்யூட்டுக்கு வயர் புதிதாக இழுக்க வேண்டும். டிராப் பழுது முடிந்து பைப் காய்ந்த பிறகு இழுங்கள். ஈரப் பைப்பில் புது வயர் போட்டால் அதுவும் இதே எண்ணுக்கு இறங்கும். சின்ன வேலைதான்.

ரசமட்டம் | ஜூன் 13, காலை 6.20

பாத்ரூம் விஷயம் தெளிவாகிவிட்டது. டிராப் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் இணைப்பு விட்டிருக்கிறது. அதைச் சுற்றி உடைத்து, டிராப் மாற்றி, சுற்றிலும் சுருங்காத கலவை அடைத்து, நீர்க்காப்பைச் சுவரில் 15 செ.மீ. வரை ஏற்றி, டைல்ஸ் ஒட்டும் முன் மறுபடி 24 மணி நேரம் தேக்கிப் பார்க்க வேண்டும். தரைச் சரிவு (வாட்டம்) ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. காரணம் தெரியும், இடம் உங்களுடையது, அளவு சின்னது. முதல்முறை வாங்குபவர் தாராளமாக ஏற்கக்கூடிய பழுது.

பின்சுவர் வேறு. மண் மட்டம் உங்கள் பக்கம், அதை வெட்டி இறக்கலாம், சுவரோரம் சரளை போட்டு வடிகால் எடுக்கலாம். தேவைப்பட்டால் அடிச் செங்கல் வரிசையின் கலவையில் 12 செ.மீ.-க்கு ஒரு துளை போட்டு ஈரத்தடை கிரீம் ஏற்றலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பைப் ஒழுகினால் இதெல்லாம் வீண். அவர் வீட்டுக்குள் போய்ப் பழுது பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது.

காலக்கணக்கும் மாறுகிறது. பேரேடு 5 மாதம் வைத்தார். தண்ணீர் நின்ற பிறகு கட்டுமானம் காய 2.5 செ.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பழைய கைக்கணக்கு. 23 செ.மீ. சுவருக்கு 9 மாதம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தால் குறையுமா என்று கேட்பீர்கள். அதன்மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்தது, அறை காயக்காய அது எடுக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். 10 சதுர மீட்டர் சுவரில் கன அளவில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே 230 லிட்டர். உப்பேறிய பூச்சை, கறைக்கு மேல் அரை மீட்டர் வரை கொத்தி எடுத்துவிட்டுச் செங்கலைத் திறந்து போடுவதுதான் பெரிய உதவி. பிறகு சுண்ணாம்புக் கலவைப் பூச்சு, அது ஈரத்தை வெளியே விடும்.

பேரேடு | ஜூன் 13, காலை 9.30

அப்படியானால் திருத்திய கணக்கு. பழுது 16, அதன் 30 சதவீதம் 4.8, 9 மாத வாடகை 3.6, லாப இடைவெளி 10. மொத்தம் 34.4. கொடுக்கலாமென்றால் 65.6. கேட்கும் 78-க்கும் இதற்கும் உள்ள தூரம்தான் அந்தப் பின்சுவர்.

பின் அறையை மட்டும் பூட்டிவைத்து மற்றதை முன்னாலேயே வாடகைக்கு விட்டால் 3.6 குறையும். குடியேறுபவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு, வாடகையைக் குறைத்து.

முதல்வீடு | ஜூன் 18, இரவு 9.15

பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியோடு அவர் பாத்ரூமில் நீல நிறம் ஊற்றினோம். மூன்றாம் நாள் எங்கள் பக்கம் சுவரடியில் தோண்டிய குழியில் நீலம். "இப்போதைக்கு மாற்ற முடியாது" என்கிறார். விற்பவர் 68-க்கு இறங்கி வருகிறார். வாங்கிக்கொண்டு பிறகு அவரிடம் பேசிக்கொள்ளலாமா?

ரசமட்டம் | ஜூன் 18, இரவு 9.50

வேண்டாம். 68 என்பது 65.6-க்குப் பக்கத்தில் இருப்பதால் இழுக்கும். ஆனால் 65.6 தண்ணீர் நின்ற நாளிலிருந்து 9 மாதம் எண்ணியது. அந்த நாளை முடிவு செய்பவர் பக்கத்து வீட்டுக்காரர். அதோடு அது கழிவுநீர். அந்தச் சுவரை ஒட்டி ஒருவரைக் குடிவைக்கக் கூடாது, பூட்டிவைக்கும் யோசனையும் நிற்காது. கழிவுநீர் மண்ணை அரித்துக்கொண்டு போனால் அடித்தளமும் இறங்கும். பின்சுவரில் மூலைவாட்டில், செங்கல் வரியைப் படிப்படியாகப் பின்பற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

முதல்வீடு | ஜூன் 18, இரவு 10.05

ஒன்று இருக்கிறது. மயிரிழை அளவுதான்.

ரசமட்டம் | ஜூன் 18, இரவு 10.30

அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வாருங்கள். அகலத்தையும் குறியுங்கள். 5 மி.மீ. தாண்டினால் இன்ஜினியர் பார்க்காமல் யாரும் அந்த வீட்டைத் தொடக் கூடாது. மயிரிழை பயமில்லை, அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி.

பேரேடு | ஜூன் 19, காலை 8.40

அனுபவமுள்ளவர் 55-க்கு எடுத்து, பக்கத்து வீட்டுப் பைப்பைத் தன் செலவில் மாற்றிக் கொடுப்பதாகப் பேசுவார். அது ஒரு வழிதான். அவரிடம் வேறு வீட்டு வாடகை வந்துகொண்டிருக்கும், வருடக்கணக்கில் காத்திருக்க முடியும். முதல்வீட்டின் இரண்டாவது தாளில், அதாவது கைப்பணக் கணக்கில், அதற்கு இடமில்லை.

முதல்வீடு | ஜூன் 19, இரவு 8.00

விட்டுவிட்டேன். விற்பவர், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி அந்தப் பைப்பை மாற்றிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்கிறார். கூப்பிட்டால் என்ன செய்வது?

ரசமட்டம் | ஜூன் 19, இரவு 8.35

மாற்றிய ரசீது, மண் மூடும் முன் எடுத்த படம், மறுபடி ஒருமுறை நிறச் சோதனை, இந்த மூன்றும் கேளுங்கள். நிறம் மட்டும் இந்த முறை வேறாக இருக்கட்டும். மண்ணில் பழைய நீலம் தங்கியிருக்கும்.

பிறகு 2 மாதம் கழித்து அதே மீட்டர், அதே கட்டங்கள். உங்கள் பழைய தாள் பத்திரமாக இருக்கட்டும். சுவரில் பென்சில் கட்டத்தை அழிக்க வேண்டாம், இடையில் எதையும் பூச வேண்டாம் என்று விற்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புதுப் பூச்சின் ஈரம் எல்லா எண்ணையும் கெடுத்துவிடும். உப்பு இருப்பதால் காய்ந்த சுவர் அளவுக்கு அது இறங்காது, எதிர்பார்க்காதீர்கள். அடி வரிசை தெளிவாகக் குறைந்து, விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் 65-லிருந்து பேசத் தொடங்கலாம். அடி வரிசை அசையாவிட்டால் தண்ணீர் இன்னும் வேறு எங்கிருந்தோ வருகிறது.